கதவு மூடாத ரயில்களின் நூறாண்டு

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதைக்கு 1931இல் மின்சாரம் வந்தது. கல்கத்தா 1957 வரை காத்திருந்தது.

மும்பையின் நெரிசல் தனி ரகம். காலை, மாலை வேளைகளில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதாக ரயில்வே கணக்கே சொல்கிறது. முதுகுப் பையை மார்புக்கு மாற்றிக்கொண்டுதான் ஏற முடியும். சாதாரண பெட்டிகளின் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. இத்தனை கூட்டத்தில் அவற்றை அடைத்தால் மூச்சு முட்டும். கதவு தானாக மூடும் குளிர்சாதன ரயில் 2017 டிசம்பரில் வந்தது. அதன் கட்டணமோ தினக்கூலிக்காரருக்கு எட்டாத உயரம்.

சென்னையின் சிக்கல் நேர்மாறானது: வெறிச்சோடிய நிலையங்கள். 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய, உயர்பாலத்தில் செல்லும் பறக்கும் ரயில், மயிலாப்பூரைத் தாண்டி வேளச்சேரியை எட்ட 2007 ஆனது. மைதானம்போல் பரந்த நிலையக் கட்டடங்களில் இருட்டும் புறா எச்சமுமே நெடுங்காலம் குடியிருந்தன. வாசலில் பேருந்து இல்லை, இறங்கியவர் ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டியிருந்தது. தண்டவாளத்துக்குச் செலவிட்டவர்கள் நிலையத்திலிருந்து தெருமுனைக்குப் போகும் நடைபாதையைத் திட்டத்தில் சேர்க்க மறந்தார்கள். ரயிலுக்கும் பேருந்துக்கும் தனித்தனி நிர்வாகம் இருந்ததும் வாசலுக்குப் பேருந்து வராததற்கு ஒரு காரணம்.