கடை போட்டவருக்கு யார் பதில் சொல்வது?



கொலைக் கதை எழுதுகிறவர்களும் அதை விழுந்து விழுந்து படிக்கிறவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1991-ல் இருந்து அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது. 'லெஃப்ட் கோஸ்ட் க்ரைம்' என்று பெயர். பிடித்த எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கலாம். 'அந்தச் சமையல்காரனை ஏன் சார் அநியாயமாகக் கொன்றீர்கள்?' என்று சண்டையும் போடலாம்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. சான் டியேகோ நகரில் நான்கு நாள் கூட்டம் தொடங்கியது. அன்றைக்கே முடிந்தும் போனது. கொரோனா பரவுவதால் 250 பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று அந்தப் பகுதி சுகாதாரத் துறை உத்தரவு போட்டுவிட்டது. பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலைகளை எழுதியே பேர் வாங்கியவர்களுக்கு, பூட்டிய அறைதான் ஆபத்து என்று சுகாதார அதிகாரி வந்து சொல்ல வேண்டியிருந்தது!

இதைவிடப் பழைய, பெரிய கூட்டம் 'பவுச்சர்கான்'. 1970-ல் ஆரம்பித்தது. 2020-ல் அதைக் கம்ப்யூட்டர் திரையில்தான் நடத்தினார்கள். மறு வருடம் நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்தது. டெல்டா வகை கொரோனா வந்து, தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ரத்தாயிற்று. அந்த ஊருக்கு மறுபடி முறை வந்தது 2025-ல்.

சரி, இதற்கும் நம் ஊர் அனுப்பம்பட்டுக்கும் என்ன சம்பந்தம்?

துப்பறியும் கதை படிக்காத தலைமுறை நம் வீடுகளில் உண்டா? கொள்ளுத்தாத்தாவுக்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார். தாத்தாவுக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால். அப்பாவுக்கு சுஜாதாவின் கணேஷ் - வசந்த். அத்தைக்கு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. கையில் ஒரு பாக்கெட் நாவலோடு அனுப்பம்பட்டில் ரயில் ஏறினால் மீஞ்சூர் வருவதற்குள் முதல் கொலை விழுந்துவிடும். பேசின் பிரிட்ஜில் வண்டி காரணமில்லாமல் நிற்கும்போது கொலைகாரன் மாட்டிக்கொள்வான்.

இந்த வாசகர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற மாநாடு என்றால் நமக்கு அது சென்னைப் புத்தகக் காட்சிதான். அதையும் கொரோனா விடவில்லை. வழக்கமாகப் பொங்கலை ஒட்டி வருகிற காட்சி, 2021-ல் பிப்ரவரி 24-க்குத் தள்ளிப்போனது. 2022-ல் ஜனவரி 6 தொடக்கம் என்று தேதி குறித்தாயிற்று. ஒமைக்ரான் வந்தது, அரசு தள்ளிவைக்கச் சொன்னது. கடைசியில் பிப்ரவரி 16 முதல் மார்ச் 6 வரை நந்தனத்தில் நடந்தது.

'சினிமா தியேட்டர் பாதி சீட்டோடு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, புத்தகத்துக்கு மட்டும்தான் வைரஸ் ஒட்டுமா?' என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் தள்ளிவைத்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். குழந்தையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வீடே கிளம்பிப் போகிற இடம் அது. இடித்துக்கொண்டுதானே நடக்கிறோம்?

எனக்கு உறுத்துவது வேறு. நிறுத்தச் சொல்வது ஒரு வரி அறிக்கை. தொழில் நின்றுபோனவர் வீட்டில் அன்று மாலை என்ன நடக்கிறது?

சின்னப் பதிப்பாளர்கள் பலர் ஜனவரியை நம்பித்தான் டிசம்பரில் அச்சடிக்கிறார்கள். பேப்பர் கடன், பைண்டிங் கடன். அந்தப் பத்துப் பதினைந்து நாள் வியாபாரத்தில்தான் வருடக் கணக்கு நேராகும். காட்சி ஒன்றரை மாதம் தள்ளினால் புத்தகக் கட்டு குடோனில் காத்திருக்கும்; வட்டி காத்திருக்குமா? கட்டு தூக்கும் தம்பி, பில் போட வந்த காலேஜ் பெண், கேன்டீன் போட்டவர்... ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகு இறங்காது. அதில் யாரும் வாதம் செய்வதில்லை. வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அதற்கு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023-ல் அறிவித்தார்கள். போதுமா என்பது வேறு வழக்கு. 2020-ல் ஊரடங்கே படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டதால், தடையை மே 31-ஓடு முடித்து 47 நாளாகக் குறைத்தார்கள். அதாவது, தொழிலை நிறுத்தினால் உலை எப்படிக் கொதிக்கும் என்ற கேள்வியை இங்கே யாரோ ஒருவராவது கேட்டிருக்கிறார்கள்.

எல்லோருக்காகவும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற புறநகர் ரயிலில் பெண்கள் பொதுவாக ஏற முடிந்தது நவம்பர் 23-ல். மற்றப் பொதுமக்கள் டிசம்பர் 23-ல். இரண்டுமே நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். இறாலும் மடவையும் கூடையில் வைத்துக்கொண்டு விடியற்காலை வண்டி பிடிக்கிற அக்காவுக்கு, கூட்டமில்லாத நேரத்து ரயில் எதற்கு? அவருக்கு யார் நிவாரணம் எழுதினார்கள்?

அடுத்த தொற்று வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். அன்றைக்கும் ஏதாவது விழா நிற்கும், சந்தை நிற்கும். அப்போது அரசு செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். கடை வாடகையைத் திருப்பித் தருவதா, அடுத்த முறைக்குக் கழிப்பதா என்பதைக் கூட்டம் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். நம் பங்கு சின்னதுதான். காட்சி தள்ளிப்போனால், அதற்கென்று எடுத்து வைத்த ஐந்நூறு ரூபாயைப் பிரியாணிக்கு மாற்றாமல், பதிப்பாளருக்கு ஒரு போன் போட்டுத் தபாலில் புத்தகம் வரவழையுங்கள். உள்ளூர் விழா நின்றால், பந்தல்காரரிடம் கொடுத்த அட்வான்ஸை மறுநாளே போய்க் கேட்காதீர்கள். மீன்கார அக்கா வரவில்லை என்றால் ஏன் என்று விசாரியுங்கள்.

புத்தகக் காட்சிக்கு நந்தனம் போகிறவர்களுக்கு ஒன்று. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் அவரை விட்டுவிட்டுப் போங்கள். வேண்டிய புத்தகங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே கொலைகாரன் யார் என்பதை வரும் வழியில் ரயிலிலேயே படித்துவிட்டு, வீட்டில் படுத்திருப்பவரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்