துபாய் வேலை: வரி இல்லை, வெயில் உண்டு

துபாயிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், திர்ஹாமை ரூபாயாக்கிப் பார்ப்பதுதான். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் தொகை கண்ணைப் பறிக்கும். அந்தக் கணக்கில் வெயில் மட்டும் வராது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. பாலைவனம்தானே, ராத்திரி குளிர்ந்துடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். துபாய் கடலோர நகரம்; ஆகஸ்டில் நள்ளிரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, கூடவே புழுக்கம். மாடித் தொட்டி கொதிப்பதால் பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர் வரும். கீசரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி ஆறிய தண்ணீரில் குளிப்பது அங்கே பலருக்குக் கைவந்த உத்தி!

செலவும் இருக்கிறது. வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஆண்டு வாடகையைச் சில பின்தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பார்கள். அந்த வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக, மின்சார–தண்ணீர் பில்லோடு மாதத் தவணையில் சேரும். 'வரியே இல்லப்பா' என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை அருமையான காலம். நள்ளிரவிலும் பயமில்லாமல் நடக்கலாம், சென்னைக்கு நாலு மணி நேர விமானம். ஏசி மெட்ரோ, ஏசி ஆபீஸ், ஏசி மால் என்று தாவுகிறவருக்குக் கோடை ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

சாரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அப்படியில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்க ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை உண்டு. நல்ல விதிதான். ஆனால் காலை 11 மணி வெயில் கடிகாரம் பார்த்தா சுடுகிறது? கத்தாரில் 2021 முதல் தடை நேரம் காலை 10 முதல் மாலை 3.30 வரை. அதோடு, வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், மணி எதுவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். கோபுரங்களை அண்ணாந்து பார்க்க வைக்கும் துபாய், இந்த ஒன்றை மட்டும் பக்கத்து நாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.