மலையிலிருந்து இறங்குவது இளைஞரின் விருப்பமாக இருக்கட்டும்: கொல்லிமலை வேலைவாய்ப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

பன்னிரண்டாம் வகுப்பையோ ஐ.டி.ஐ.யையோ முடித்துவிட்டு நிற்கும் கொல்லிமலைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் காட்டப்படுகிறது: கீழே இறங்கு. திருப்பூரில் பனியன் கம்பெனி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, நாமக்கல்லில் கோழிப்பண்ணை அல்லது லாரி பாடி கட்டும் பட்டறை. திறன் பயிற்சித் திட்டங்களும் அந்தத் திசையையே பார்க்கின்றன. இது சரியா, இது போதுமா என்ற கேள்விக்கு எங்கள் அமைப்பின் பதில் இந்த அறிக்கை.

சுருக்கமாக

இளைஞர்கள் கீழே போவதை நாங்கள் எதிர்க்கவில்லை. போகிறவர் தொழில் கற்று, கையில் சான்றிதழோடு, கூலி என்ன என்று தெரிந்து போக வேண்டும். ஊரிலேயே இருக்க நினைப்பவருக்கு மலையிலேயே வருமானம் வேண்டும். மலையில் விளைவதை மலையிலேயே பக்குவம் செய்து விற்றால்தான் அந்த வருமானம் நிலைக்கும். எந்தப் பயிற்சி, எந்த ஊரில், யாருக்கு என்று முடிவாகும்போது இளைஞர்களும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலை

கொல்லிமலையில் 14 நாடுகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. மொத்தம் சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் இங்கே மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம் பேரில் மலையாளிகள் மட்டும் 3.5 லட்சத்துக்கு மேல். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 சதவீதம், பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 சதவீதம். இந்த இடைவெளியைத் தாண்டிப் படித்து வந்த முதல் தலைமுறைதான் இப்போது வேலை தேடுகிறது.

இவர்களின் பாட்டன் காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் வீட்டுச் சாப்பாடு. உரலில் போட்டுக் குத்தி உமி நீக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. ரேஷன் அரிசி வந்தது. கைக்குப் பணம் தரும் மரவள்ளி என்ற குச்சிக்கிழங்கும் வந்தது. சிறுதானிய நிலம் சுருங்கி, குச்சிக்கிழங்குக் காடு விரிந்தது. அந்தக் கிழங்கு கீழே இருக்கும் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்கள். விளைவித்தவர் மலையில் இருக்க, அளக்கும் கருவி ஆலையில் இருக்கிறது. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும்கூடப் பெரும்பாலும் விளைந்தபடியே வியாபாரி கைக்குப் போகின்றன.

இறங்குகிற கிழங்குக்கும் இறங்குகிற பிள்ளைக்கும் நிலைமை ஒன்றுதான். இரண்டும் பச்சையாகவே போகின்றன. மதிப்பு கூடுவது மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளியைத் தாண்டிய பிறகு. எங்கள் நிலைப்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேலை குறித்து

சந்தைக்குப் போகும் முன்பே விளைபொருளுக்கு மலையில் ஒரு வேலையாவது நடக்க வேண்டும் என்கிறோம். சிறுதானிய உமி நீக்குதல், மிளகைக் காயவைத்துத் தரம் பிரித்தல், காப்பிப் பழத்தின் தோல் நீக்கிக் காயவைத்தல், பலாவைச் சுளையாக்கி உலர்த்துதல், கிழங்கின் பாயிண்டை மலையிலேயே அளந்து விற்பனைக்குப் பேசுதல் ஆகியவை ஆண்டு முழுக்க மாறி மாறி வரும் வேலைகள். எதற்கும் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. இயந்திரம் ஓட்டுபவர், பழுது பார்ப்பவர், கணக்கு எழுதுபவர், விலை பேசுபவர் தேவை. இந்த நான்கு வேலைக்கும் படித்த இளைஞர்கள் மலையிலேயே இருக்கிறார்கள்.

இது வெறும் ஆசையல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்க் குழுக்களே நடத்த வழி செய்தது. உரல் வேலை குறைந்தால் சாமை மறுபடி அடுப்பேறும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கியிலும் மலையாளி மக்களே அதிகம். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே தொடங்கிய மருத்துவப் பணி, வெளியிலிருந்து செவிலியரை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்தது. அதைத் தொடர்ந்து உருவான இயற்கை விவசாயிகள் சங்கம் விளைச்சலை அங்கேயே பொருளாக்கி விற்கிறது. தேவை ஊரில் இருந்தது. அதற்கு ஏற்ற பயிற்சி ஊரிலேயே நடந்தது. ஆளும் ஊரிலேயே நின்றார். கொல்லிமலைக்கும் இந்த வரிசைதான் பொருந்தும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: மலையில் கிடைக்கும் கூலி திருப்பூர்க் கூலிக்கு ஈடாகாது. முதல் சில ஆண்டுகளுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கீழே வாங்கும் கூலியில் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் கழியும். காடு தரிசாகிற நட்டத்தை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்த பிறகும் ஒருவர் போகத் தீர்மானித்தால் அது அவர் உரிமை.

கல்வியும் பயிற்சியும் குறித்து

பழங்குடியினருக்கென அரசு நடத்தும் ஐ.டி.ஐ. கொல்லிமலையில் இருக்கிறது, உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. புதிய கட்டடங்களைக் கேட்பதற்கு முன் இருப்பவற்றை மலையின் வேலையோடு இணைக்கக் கேட்கிறோம். உமி நீக்கும் இயந்திரம், காப்பித் தோல் நீக்கி, சூரிய உலர்த்தி ஆகியவற்றை நிறுவிப் பழுது பார்க்கும் பயிற்சி ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும். லாம்ப்ஸ் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் பயிற்சி முடித்தவர்களை உதவித்தொகையோடு தொழில் பழகுநர்களாக எடுக்க வேண்டும்.

புதுமைப் பெண் திட்டம் 2022லும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதை வரவேற்கிறோம். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இறங்கி ஏறி நாமக்கல்லிலோ இராசிபுரத்திலோ கல்லூரி படிக்க முடியாது. தொகையோடு விடுதியில் இடமும் உறுதியானால்தான் படிப்பு முடியும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். விடுதி கிடைக்காத மகளை வீட்டில் நிறுத்திவிட்டால் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான்.

சாதிச் சான்றிதழ் தனித் தடை. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 முதல் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள். அந்தத் தாமதத்தில் கல்லூரி இடமும் வேலை விண்ணப்பத்தின் கடைசி நாளும் கைநழுவுகின்றன. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளியிலேயே முகாம் வைத்து ஒவ்வொரு மாணவருக்கும் சான்றிதழ் தர வேண்டும். மாநிலப் பணிகளில் பழங்குடியினருக்கான 1 சதவீத ஒதுக்கீடு தகுதியானவருக்குப் போய்ச் சேர இது முதல் படி.

வெளியே போகிறவர்கள் குறித்து

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் மலையாளி பழங்குடியினரும் இருந்தனர். ஊரில் வேலை இல்லாதபோது தரகர் சொல்வதே வேலை. அது எந்தக் காடு, என்ன குற்றம் என்று கேட்கும் நிலையில் ஆள் இருப்பதில்லை. ஆகவே மலையிலிருந்து ஆள் கூட்டிப் போகும் ஒவ்வொருவரின் பெயர், போகும் இடம், பேசிய கூலி, கொடுத்த முன்பணம் ஆகியவற்றை எழுதிவைக்கும் பதிவேடு ஒவ்வோர் ஊராட்சியிலும் இருக்க வேண்டும். ஊராட்சிச் செயலரே இதைப் பராமரிக்கலாம்.

முடிவெடுப்பதில் பங்கு குறித்து

தமிழகத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 சட்டம் இங்கே பொருந்தாது. நம்மிடம் இருப்பது ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபையும் 2006 வன உரிமைச் சட்டமும். 2019இல் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலத்தில் கிராம சபை ஒன்றே ஊர்க்குரல்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. வெளியூரில் வேலை செய்பவருக்கு இவற்றில் எதுவும் ஊருக்கு வரும் நாளல்ல. அவர்கள் வருவது பொங்கலுக்கும், ஆடிப் பெருக்கையொட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கும். அந்த விழா நாட்களில் ஒவ்வொரு நாட்டிலும் இளையோர் கூட்டம் ஒன்றை ஊராட்சி கூட்ட வேண்டும். அங்கே எழுதப்படும் கோரிக்கைகள் இரு வாரம் கழித்து வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையின் பொருள் பட்டியலில் தீர்மானமாக இடம்பெற வேண்டும். வன உரிமைக் குழுக்களிலும் இளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடம் வேண்டும். சிறு வனப் பொருள் மீதான உரிமை நாளை அவர்களின் பிழைப்பு.

எங்கள் பொறுப்பு

பயிற்சிக்கு வந்தவர்களின் தலைக்கணக்கை வெற்றி என்று காட்ட மாட்டோம். பயிற்சி முடித்த ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், மலையிலா வெளியிலா, என்ன கூலியில் என்ற விவரத்தைப் பெயர் குறிப்பிடாமல் அந்தந்த ஊர் கிராம சபையில் வாசிப்போம். மலையில் வேலை இல்லாத தொழிலுக்குப் பயிற்சி நடத்தச் சொல்லி நிதி வந்தால், அது வெளியூர் வேலைக்கான பயிற்சி என்பதைச் சேர்வதற்கு முன்பே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுவோம். பழங்குடியினர் நலத்துறை, மாவட்ட நிர்வாகம், இங்கே பணியாற்றும் பிற அமைப்புகள் ஆகியவையும் இதே கணக்கை இதே சபையில் வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.