குட்டி நாய்க்குப் பால் ஊற்றிக் கொல்லலாமா?

வல்லக்கோட்டை:-

ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே கிழிந்த சட்டை. அதன் மேல் ஒரு மாதக் குட்டி நாய். பக்கத்தில் ஒரு கிண்ணம் பாக்கெட் பால், நாலு பிஸ்கட்!

வல்லக்கோட்டை, ஒரகடம் பக்கம் லைன் வீடுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. கார் கம்பெனி, டயர் கம்பெனி வேலைக்கு வந்த வெளியூர் பையன்கள், ஷிப்ட் முடிந்து வரும்போது ரோட்டோரம் கத்துகிற குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். சிலர் காசு கொடுத்தும் வாங்குகிறார்கள்.

மூன்றாம் நாள் பேதி. ஐந்தாம் நாள் குட்டி இல்லை.

"கண்ணு பட்டுடுச்சுப்பா" என்று பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு டூட்டிக்குப் போகிறார்கள். கண்ணும் இல்லை, காற்றும் இல்லை. பல குட்டிகளுக்கு எமனாக வந்தது அந்தக் கிண்ணத்துப் பால்தான்!

தாய்ப்பால் வேறு

தாய் நாயின் பாலில் 100-க்கு 7 பங்குக்கு மேல் புரதம், 9 பங்கு அளவுக்குக் கொழுப்பு. பசும்பாலில் புரதம் 3, கொழுப்பு 4, அவ்வளவுதான். சர்க்கரைச் சத்து மட்டும் தலைகீழ். நாய்ப்பாலில் 3-ஐ ஒட்டி இருப்பது, பசும்பாலில் 5-ஐ நெருங்குகிறது. அந்தச் சர்க்கரை குட்டியின் குடலில் செரிக்காமல் தங்கினால் வயிறு கழியும். அதன் மேல் மைதா பிஸ்கட் வேறு. கேட்கவா வேண்டும்?

தாயை விட்டுப் பிரிந்த பச்சைக் குட்டிக்கு, நாய்க்குட்டிக்கென்றே விற்கிற பால் பவுடர் இருக்கிறது. அதைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு மோசடியும் உண்டு. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. ஆனாலும் 30 நாள் குட்டியை "ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்று தலையில் கட்டுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். பல் முழுசாக வராத குட்டி சோறு தின்னாமல் தவித்தால், வாங்கியவர் பாலைத்தான் ஊற்றுவார்.

கோழியும் ரேஷன் அரிசியும்

சரி, வயிறு கெட்டுவிட்டது. குட்டி துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. என்ன கொடுப்பது?

ரேஷன் அரிசியே போதும். குழைய வடித்து, தோல் நீக்கி வேகவைத்த கோழிக் கறியை எலும்பு இல்லாமல் பிய்த்துப் போட்டு, இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு கறி என்று பிசைந்து, நாளுக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு, மசாலா வேண்டாம். கேன்டீன் சாம்பாரும் பிரியாணி மிச்சமும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தையே கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

இந்தக் கோழிச் சோறு மூன்று நாலு நாள் வைத்தியம்தான். மாசக்கணக்கில் இதையே போட்டால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துவிடும்.

அதற்குப் பிறகு கடைத் தீனிதான் சுலபம். பையில் உள்ள படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. "குட்டிகளுக்கு" என்று போட்டிருக்கிறதா, புரதம் 100-க்கு 22-க்குக் குறையாமல் இருக்கிறதா, இந்த இரண்டும் போதும். பெரிய நாய்த் தீனி விலை குறைவு என்று குட்டிக்குப் போடுவது தப்பு. மூட்டையைப் பிரித்து லூசில் விற்பதும் வேண்டாம்; என்றைக்குப் பிரித்தது என்று யாருக்குத் தெரியும்?

கட்டுப்படியாகுமா என்றால், ஆகும். மூன்று கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம். ஒரு கிலோ பை பத்து நாள் ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய சோற்றோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் மறுபடி பேதிதான்.

சோறு காப்பாற்றாது

ரத்தமாகப் போகிறதா, வாந்தியும் சேர்ந்துவிட்டதா? சோற்றை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். 1978-ல் உலகத்துக்கே தெரியவந்த பார்வோ வைரஸ், தடுப்பூசி போடாத குட்டியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். ஆறாவது வாரத்தில் இருந்து ஊசியைத் தொடங்கலாம்.

இன்னொரு திருடன் குடல் புழு. தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால், "நல்லா சாப்பிடுறான்" என்று சந்தோஷப்படுகிறார்கள்! இரண்டாவது வாரம் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்கிற பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அந்தப் புழு மண் வழியாகத் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால், இது நாய் வளர்க்காதவர்களின் கவலையும்கூட.

ஷிப்டுக்குப் போகிறவன் ராத்திரி 11 மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பஸ் பிடித்துப் போவதற்குள் குட்டி கதை முடிந்துவிடும்.

லாபம் பார்க்கிற பெரிய கம்பெனிகள் 100-க்கு 2 பங்கு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 சட்டம். அந்தப் பட்டியலில் பிராணிகள் நலமும் இருக்கிறது. இத்தனை தொழிற்சாலை உள்ள இடத்தில், மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையில் பூச்சி மருந்து, தடுப்பூசி முகாம் நடத்த ஊராட்சியும் கால்நடைத் துறையும் கம்பெனிக்காரர்களைக் கேட்கலாமே!