இலைக்கு ஒரு நீதி, பூவுக்கு ஒரு நீதி!

ஹோலிப் பண்டிகை நெருங்கிவிட்டால் வாராணசியின் குறுகிய சந்துகளில் தண்டாய்க் கடைகளின் முன் கூட்டம் அலைமோதும். பாதாம், கசகசா, மிளகு, சோம்பு ஆகியவற்றை அரைத்துக் கலந்த பாலில், கேட்பவர்களுக்குப் பச்சை நிற உருண்டை ஒன்றையும் கரைத்துத் தருவார்கள். அந்த உருண்டைதான் பாங்க். மாநில அரசின் உரிமம் பெற்ற கடையில் பகிரங்கமாக விற்கப்படும் சரக்கு அது. அதை விற்பவரும் குற்றவாளி அல்லர். வாங்குபவரும் குற்றவாளி அல்லர்.

அதே சந்தில், அதே செடியின் உலர்ந்த பூங்கொத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஓர் இளைஞர் பிடிபட்டால், அவர் மீது போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாய்கிறது. செடி ஒன்று, சட்டம் இரண்டு. இந்த முரண்பாட்டை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு மூலிகை மருந்தாவதும் நஞ்சாவதும் எதைப் பொறுத்தது என்ற கேள்விக்கு நாம் இன்னும் விடை காணவில்லை என்பதற்கு அது சான்று.

கஞ்சாச் செடியிலிருந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. இலை பாங்க். பெண் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள் கஞ்சா. அவற்றிலிருந்து திரட்டப்படும் பிசின் சரஸ். இந்தப் பாகுபாடு இன்று நேற்று வந்ததல்ல. 1893-இல் பிரிட்டிஷ் அரசு நியமித்த இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணையம் நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்து, அடுத்த ஆண்டு விரிவான அறிக்கையை அளித்தது. மிதமான பயன்பாட்டால் பெரும் தீங்கு விளைவதாகத் தெரியவில்லை என்றும், முழுத் தடை தேவையற்றது என்றும், வரியும் கட்டுப்பாடுமே உகந்த வழி என்றும் அது கூறியது. வரி வருவாயில் நாட்டம் கொண்ட அரசின் ஆணையம்தான் அது. ஆயினும், தீர்ப்புச் சொல்வதற்கு முன் விசாரித்தது என்ற பெருமை அதற்கு உண்டு.

1961-இல் உருவான ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை உலக நாடுகளைக் கட்டுப்படுத்தியது. பூநுனிகளும் பிசினும் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நுனிகளோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நின்றன. இதே வரையறையைத்தான் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த நமது சட்டமும் ஏற்றுக்கொண்டது. பாங்க் பிழைத்தது இப்படித்தான். அதன் பின்னர் அது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமக் கடைகள் உள்ளன. அசாமோ 1958-ஆம் ஆண்டிலேயே கஞ்சாவையும் பாங்கையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது.

இந்தப் பாகுபாட்டுக்கு அறிவியல் அடிப்படையே இல்லையா என்றால், ஓரளவு உண்டு. போதை தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள் பூவைச் சுற்றியுள்ள பிசின் சுரப்பிகளில்தான் மிகுதியாக இருக்கிறது, இலையில் குறைவு. ஆனால், குறைவு என்பது இல்லை என்பதாகிவிடாது. புகைத்தால் சில நிமிஷங்களில் தெரியும் விளைவு, உண்டால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாமதமாகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது கோப்பையை அருந்துபவர்தான் பிறகு அவதிப்படுகிறார். அவர் அருந்திய உருண்டையில் எவ்வளவு டி.எச்.சி. இருந்தது என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

சட்டம் வீரியத்தைப் பார்ப்பதில்லை. பெயரையும் எடையையும்தான் பார்க்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சரஸில் இவை முறையே 100 கிராம், ஒரு கிலோ. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை. போதைப்பொருளுடன் பிற பொருள்கள் கலந்திருந்தால் அவற்றின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடத்தல்காரர்கள் தப்பிவிடக் கூடாது என்ற நோக்கம் சரியே. ஆனால், வீரியம் எவ்வளவு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பாங்க் வைத்திருந்ததாகக் கைதான ஒருவருக்கு ஜாமீன் வழங்கியபோது, பிடிபட்ட பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறதா என்பதையே ஆராய வேண்டியிருந்தது.

மருத்துவத்துக்கு வருவோம். ஆயுர்வேதத்தில் இந்தச் செடிக்கு விஜயா என்று பெயர். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானஸி என்ற ஐரிஷ் மருத்துவர், 1839-இல் தமது சோதனைகளை வெளியிட்டு மேலை நாடுகளுக்கு இதை மருந்தாக அறிமுகப்படுத்தினார். குழந்தைகளைத் தாக்கும் சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கு, இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த போதை தராத சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் முடிவு செய்தது. ஆதரித்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

எனவே, இதில் மருந்து இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற அசட்டுத் துணிச்சலைத்தான் மறுக்க வேண்டும். நமது மருந்து விதிகளின் 'இ(1)' பட்டியல் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களைத் தொகுத்துரைக்கிறது. ஊமத்தை, எட்டி, சேங்கொட்டை, குன்றிமணி ஆகியவற்றோடு பாங்கும் அதில் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியின் மீது இருக்க வேண்டும் என்பது விதி. நம் முன்னோர் இவற்றைச் சுத்தி செய்து, அளவறிந்து, நோயாளியின் உடல்நிலை பார்த்துத்தான் கொடுத்தார்கள். இன்றோ விஜயா எண்ணெயும் மாத்திரையும் இணையத்தில் கிடைக்கின்றன. தொலைபேசியில் சில நிமிஷம் பேசும் ஆலோசனை, நாடி பார்த்து நோயறிவதற்கு ஈடாகுமா?

இதே சிக்கலில் தாய்லாந்து நமக்கு முன்பே மாட்டிக்கொண்டது. கிராட்டம் என்றொரு மரம் அங்கே உண்டு. காபிச் செடியின் குடும்பம்; நமது கடம்ப மரத்துக்கும் உறவு. களைப்புத் தெரியாமல் உழைக்கவும் வலி தணியவும் தென் தாய்லாந்துத் தொழிலாளர்கள் அதன் இலையை மென்று வந்தனர். சிறிய அளவில் சுறுசுறுப்பு, பெரிய அளவில் அபின் போன்ற மயக்கம். இலை நரம்பின் நிறத்தை வைத்துச் சிவப்பு, பச்சை, வெள்ளை என வணிகர்கள் வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்லி விற்கிறார்கள். ஆனால் பெயரும் நிறமும் எதுவாயினும், இலையிலுள்ள மித்ராஜினின் போன்ற வேதிப்பொருள்களின் அளவுதான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

1943-இல் தடை செய்யப்பட்ட கிராட்டத்தை 2021-இல் தாய்லாந்து போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டே தனிச் சட்டம் இயற்றி, 18 வயதுக்கு உள்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கக் கூடாது என வரையறுத்தது. கஞ்சா விஷயத்தில் இந்த நிதானம் இருக்கவில்லை. 2022-இல் தடையை நீக்கிய பிறகு முறையான சட்டம் வரவில்லை. நகரெங்கும் கடைகள் முளைத்தன. 2025-இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்பனை என்று அரசு பின்வாங்க நேர்ந்தது. விதியில்லாத் தளர்வும் விசாரணையில்லாத் தடையைப் போலவே தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் இளைஞர்கள் சீரழிவார்கள் என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டில் சுமார் 3.1 கோடி பேர் இச்செடியின் ஏதேனும் ஒரு பொருளைப் பயன்படுத்தியுள்ளனர். அவர்களில் பாங்க் அருந்துவோர் சுமார் 2.2 கோடி, கஞ்சா, சரஸ் பயன்படுத்துவோர் சுமார் 1.3 கோடி. இப்பழக்கத்தால் உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 72 லட்சம் பேர். இவர்களுக்குத் தேவை மருத்துவரா, சிறைக்காவலரா?

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. சணல் விதை எண்ணெயை உணவாக அனுமதித்தபோது உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு டி.எச்.சி. உச்சவரம்பு விதித்தது. விதைக்கு விதித்த வரம்பை உரிமக் கடையின் பாங்க் உருண்டைக்கும் விதிக்க முடியாதா? விஜயா மருந்துகள் ஒவ்வொன்றிலும் ஒரு வேளை மருந்தில் எத்தனை மில்லிகிராம் என்பது அச்சிடப்பட வேண்டும். அரசு ஆய்வகம் அதைச் சோதிக்க வேண்டும். நேரில் பார்த்த மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பனை கூடாது. 18 வயதுக்கு உள்பட்டவர்களுக்கு எந்த வடிவிலும் விற்கக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிய அளவு வைத்திருந்தவரைச் சிறைக்கு அனுப்புவதை விடுத்துச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கடத்தல்காரர்களுக்கு இப்போதுள்ள தண்டனை அப்படியே தொடரட்டும்.

உரிமக் கடையின் வருவாய்க்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வழக்குகளின் எண்ணிக்கைக்காக மறு கண்ணைத் திறப்பது நல்லரசுக்கு அழகல்ல. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றார்கள் பெரியோர். அந்த அளவு எது என்று சொல்வதுதான் சட்டத்தின் கடமை. செடியின் எந்தப் பாகம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல.