சிபாப் மெஷின் வாங்கியாச்சு... ஃபில்டரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் ராத்திரி 11 மணிக்கு மேல் கேட்கும் ஒரே சத்தம் அப்பாவின் சிபாப் மெஷின். மெல்லிய இரைச்சல்தான், பழகிவிட்டது. ஆனால் சில வாரங்களாக அந்தச் சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. "மூக்கு அடைக்குதுப்பா, இதை மாட்டிக்கிட்டுப் படுக்கவே பிடிக்கலை" என்று அப்பா நடு ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி வைக்க ஆரம்பித்தார். குறட்டை திரும்ப வந்தது. பகலில் டிவி பார்த்தபடியே தூங்கி விழுவதும் திரும்ப வந்தது.

மெஷின் பழுதோ, சர்வீஸுக்கு எவ்வளவு கேட்பார்களோ என்று யோசித்துக்கொண்டே அதைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. திறந்தால் உள்ளே ஒரு ஃபில்டர். வெள்ளையாக இருக்க வேண்டியது சிமென்ட் நிறத்தில் இருந்தது. மெஷின் வாங்கி 14 மாதம் ஆகிறது. ஒரு தடவைகூட யாரும் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை. பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மெஷினில் மிக மலிவான பாகம் இந்த ஃபில்டர். அதை மறந்தால், மொத்தச் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடும் நிலை வரலாம்.

முதலில், சிபாப் என்ன செய்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அது மூச்சுப் பாதையையே மூடிவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், மூளை பதறி எழுப்பும், மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஒரு மணி நேரத்தில் இப்படி 5 தடவைக்கு மேல் நடந்தால் அது ஸ்லீப் ஆப்னியா. 30 தடவையைத் தொட்டால் தீவிர நிலை. ராத்திரி முழுக்க இது நடந்தாலும் காலையில் பலருக்கு ஒன்றுமே நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணம் இதுதான். அதுவரை 'குறட்டைதானே' என்று சிரித்த பலர் அன்றைக்குத்தான் இந்தப் பெயரையே கூகுளில் தேடினார்கள்.

இதற்கான முக்கியச் சிகிச்சை சிபாப். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் சிட்னியில் இதை அறிமுகப்படுத்தினார். ஆரம்ப கால மெஷின்களில் வேக்குவம் கிளீனர் மோட்டார்களைத்தான் பயன்படுத்தினார்கள். தத்துவம் இன்றும் அதேதான்: அறையின் காற்றை இழுத்து, அழுத்தம் கொடுத்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புவது. அந்த அழுத்தம்தான் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிபாப் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. அது புதிதாக எந்தக் காற்றையும் தயாரிப்பதில்லை. உங்கள் பெட்ரூமில் என்ன காற்று இருக்கிறதோ, அதைத்தான் திருப்பித் தருகிறது.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு காற்று?

மாஸ்க்கில் நாம் வெளிவிடும் மூச்சு போவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். அதன் வழியாகக் காற்று தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மெஷின் இழுத்துக்கொண்டே இருக்கும். மாஸ்க், அழுத்தம் இரண்டையும் பொறுத்து அளவு மாறும். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 7 மணி நேரத் தூக்கத்துக்கு 12,600 லிட்டர்.

மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரிக்கு அதுபோல 12 டேங்க்குக்கும் அதிகமான காற்று, தீப்பெட்டி அளவுள்ள ஒரு ஃபில்டர் வழியாகப் போகிறது. ஆறு மாதத்துக்குக் கணக்கு போட்டால் 2,000 டேங்க்கைத் தாண்டும்.

ஃபில்டரில் தூசி அடைத்தால் என்ன ஆகும்? நிர்ணயித்த அழுத்தத்தைக் கொடுக்க மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சத்தம் கூடும், சூடும் ஏறும். அடைப்பு ரொம்ப மோசமானால், டாக்டர் வைத்துக்கொடுத்த அழுத்தமே கிடைக்காமல் போகலாம். மாறாக ஃபில்டர் கிழிந்தோ, சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் தூசி நேராக மோட்டாருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூக்குக்கும் போகும்.

'ஆறு மாதம்' என்பது யார் வீட்டுக் கணக்கு?

ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 போன்ற பிரபலமான மாடலின் கையேடு, குறைந்தது 6 மாதத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை மாற்றச் சொல்கிறது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரியில், அழுக்கு அடைத்தாலோ ஓட்டை விழுந்தாலோ இன்னும் சீக்கிரம் மாற்றுங்கள் என்றும் இருக்கிறது. அந்த அடுத்த வரிதான் நம்ம ஏரியாவுக்கானது.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியே குடியிருப்புகள் இருக்கின்றன. சி.டி.எச். ரோட்டில் ராத்திரியும் லாரி ஓடும். ஒரு பக்கம் சென்னை பைபாஸ், ஆவடி தாண்டினால் வெளிவட்டச் சாலை, பூந்தமல்லி பக்கம் மெட்ரோ கட்டுமானம். காலையில் ஜன்னல் திட்டைத் துடைத்தால், சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியே ராத்திரி மெஷினுக்குள்ளும் போகிறது.

வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் சங்கதி இருக்கிறது. கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுவத்தி, குளித்துவிட்டுப் போடும் பவுடர், பல மாதம் துடைக்காத சீலிங் ஃபேன் இறக்கை. இவை எல்லாமே அந்த 12 டேங்க் காற்றில் சேர்த்தி.

எனவே காலண்டரை மட்டும் நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள். தேதி ஆகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

எதைக் கழுவலாம், எதைக் கழுவக் கூடாது?

எல்லா ஃபில்டரும் ஒன்று இல்லை. குழப்பம் இங்கேதான்.

● வெள்ளையான, பேப்பர் மாதிரி இருக்கும் ஃபில்டர்: ஒருமுறை பயன்பாட்டுக்கானது. கழுவினால் இழைகள் கெட்டுவிடும். தட்டி, ஊதி, மறுபடி போடுவதும் கூடாது. மாற்றுவது மட்டுமே வழி.

● ஸ்பாஞ்ச் மாதிரியான அல்லது மறுபயன்பாட்டு ஃபில்டர்: கழுவலாம். வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் அந்த ஈரம் மெஷினுக்குள் போகும்.

● இரண்டும் உள்ள மாடல்கள்: உதாரணமாக ஃபிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன். இதில் மறுபயன்பாட்டு ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அலசி, 6 மாதத்தில் மாற்ற வேண்டும். கூடுதலாகப் போடும் மெல்லிய ஃபில்டருக்கு ஆயுள் 30 ராத்திரிதான்.

உங்கள் மெஷின் எந்த வகை என்று தெரியவில்லையா? மாடல் எண்ணை ஒரு போட்டோ எடுத்து, வாங்கிய கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

மாற்றும் முறையும் எளிது. பிளக்கைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்து பழையதை எடுங்கள். சுற்றியுள்ள தூசியைக் காய்ந்த துணியால் துடைத்து, புதியதை ஓரம் மடங்காமல் வைத்து மூடுங்கள். பழக்கம் வரும்வரை, மாற்றிய தேதியை மெஷின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

ஏசி ஃபில்டர் ஷீட்டை வெட்டிப் போடுவது, பழைய என்95 மாஸ்க்கைக் கத்தரித்துச் செருகுவது, கர்ச்சீப்பால் சுற்றுவது. காசு மிச்சம் என்று தோன்றும். ஆனால் காற்று எவ்வளவு சுலபமாக உள்ளே வர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் மெஷினை வடிவமைத்திருக்கிறார்கள். தடிமனான துணி அந்தக் கணக்கையே கெடுத்துவிடும். சரியாகப் பொருந்தாத துண்டின் ஓரத்து இடைவெளி வழியாகத் தூசி தாராளமாக உள்ளே போகும். ஃபில்டரே இல்லாமல் ஒரு ராத்திரி ஓட்டுவதும் வேண்டாம். எப்போதும் இரண்டு உபரி வாங்கி வையுங்கள்.

மெஷினைத் தரையில் வைக்காதீர்கள், ஸ்கிரீன் துணி பக்கத்திலும் வேண்டாம். கொசுவத்தியை அந்த அறையில் கொளுத்துவதை நிறுத்திவிட்டு வலைக்கு மாறுங்கள்.

ஃபில்டர் எதைத் தடுக்காது?

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபில்டர் தூசியையும் மகரந்தத்தையும் பிடிக்கும். வாயுக்களையும் வாசனையையும் பிடிக்காது. போகி அன்று டயர் எரியும் நாற்றம் மாஸ்க்குக்குள்ளும் வருவது அதனால்தான். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. அப்படியான நாளில் ஜன்னலை மூடி வைத்து, மறுநாள் ஃபில்டரைப் பாருங்கள்.

மெஷினுக்குள்ளேயே இருக்கும் கோளாறையும் ஃபில்டர் தடுக்காது. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுக்கப் பல லட்சம் சிபாப், பைபாப் மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது நினைவிருக்கலாம். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த ஃபோம் சிதைந்து, அதன் துகள்கள் பயனாளரின் மூச்சில் கலக்கும் ஆபத்து இருந்தது. அந்த ஃபோம் இருப்பது ஃபில்டருக்குப் பின்னால். வாசலில் நிற்கும் காவலாளி வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்க முடியாது. ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவிகள் அந்தச் சிதைவை அதிகமாக்கலாம் என்றும் அந்நிறுவனம் சொன்னது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020 பிப்ரவரியிலேயே, சிபாப்பைச் சுத்தம் செய்ய விற்கப்படும் ஓசோன், புற ஊதாக் கதிர் கருவிகள் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று எச்சரித்திருந்தது. ஆன்லைனில் அவற்றைப் பார்த்தால் வாங்கத் தேவையில்லை.

மூக்கடைப்புக்கும் ஃபில்டர் மட்டும் காரணமாக இருக்காது. மாஸ்க் அளவு, ஈரப்பதம், சைனஸ் என்று பலதும் இருக்கும். ஃபில்டரை மாற்றியும் தொந்தரவு தீரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மெஷினைத் தூக்கி அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

யார் சொல்லியிருக்க வேண்டும்?

அலமாரிக்குப் போகும் மெஷின்தான் நிஜமான ஆபத்து. சிகிச்சையை விட்டவருக்கு ரத்த அழுத்தமும் இதயப் பிரச்சினையும் மட்டும் கவலை இல்லை. ஷிஃப்ட் முடிந்து பைபாஸில் பைக் ஓட்டும்போது இரண்டு நொடி கண் அசந்தாலே போதும். சத்தம், மூக்கடைப்பு, தூசி வாடை போன்ற சின்னச் சின்ன எரிச்சல்கள்தான் ஒருவரை அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன. அவற்றில் சிலவற்றைச் சில நூறு ரூபாயில் தீர்க்க முடியும் என்றால், அதைச் சொல்லாமல் விடுவது அலட்சியம்.

பாடியும் அம்பத்தூரும் வாகன உதிரிபாகங்களால் வளர்ந்த ஊர்கள். பைக்கை சர்வீஸ் விடும்போது "ஏர் ஃபில்டர் மாத்தணும் சார்" என்று மெக்கானிக் சொன்னால் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறோம். வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வாரம் தவறாமல் போன் வருகிறது. நம் மூச்சுக்கான ஃபில்டருக்கு மட்டும் ஏன் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை?

மூன்று பேர் மூன்று சின்ன வேலை செய்தால் போதும். மருத்துவர், அழுத்த அளவை எழுதும் அதே சீட்டில் ஃபில்டர் மாற்றும் காலத்தையும் ஒரு வரி எழுதலாம். விற்பனையாளர், மெஷினோடு ஒரு வருடத்துக்கான ஃபில்டரைக் கொடுத்து, தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் மாதம் ஒரு மெசேஜும் அனுப்பலாம். காப்பீட்டு நிறுவனங்கள், மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஃபில்டரையும் சேர்க்கலாம்.

நான்காவது வேலை அரசுடையது. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியா அனுமதிப்பது 40. அந்த இடைவெளியை ஒவ்வொரு வீடும் தன் காசில் ஃபில்டர் வாங்கி நிரப்பிக்கொண்டே இருக்க முடியாது. சாலைத் தூசி, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதும் தூக்கத்துக்கான சிகிச்சைதான்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். எங்கள் வீட்டில் புது ஃபில்டர் போட்ட பிறகு மெஷின் சத்தம் குறைந்தது. அப்பா மாஸ்க்கைக் கழற்றாமல் தூங்குகிறார். ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் என் போனில் அலாரம் அடிக்கும், போய் மூடியைத் திறந்து பார்ப்பேன். உங்கள் வீட்டிலும் ஒரு சிபாப் இருக்கிறது என்றால், இன்றைக்கு லைட்டை அணைப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள்.