பிரேக் பேடு மாற்ற எவ்வளவு?
வரி குறைந்தும் செலவு குறையவில்லையே!

"கீச்... கீச்..."

சிக்னலில் கார் நிற்கும்போது இந்தச் சத்தம் கேட்கிறது. பின் சீட்டில் இருக்கும் குழந்தைகள் சிரிக்கிறார்கள். காரை ஓட்டும் தகப்பனாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த மாதம் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டும். பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார், மனைவியிடம்.

அடுத்த மாதம் பில்லைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றுகிறது!

வரி குறைந்துவிட்டது என்று சொன்னார்களே, பிறகு ஏன் இப்படி?

தேய்வதற்கென்றே ஒரு சாமான்

சைக்கிளில் ரப்பர் கட்டை சக்கரத்தைப் பிடிக்கிறது அல்லவா? அதே வேலையைக் காரில் செய்வதுதான் பிரேக் பேடு.

சக்கரத்தோடு சேர்ந்து "டிஸ்க்" என்ற இரும்புத் தட்டு சுழலும். காலால் பிரேக்கை மிதித்தால், இரண்டு பேடுகள் அந்தத் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். கார் நிற்கும்.

பிடிக்கப் பிடிக்கப் பேடு தேயும். அது கோளாறு அல்ல. செருப்புத் தேயாமல் நடக்க முடியுமா?

புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லி மீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லி மீட்டர் ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதை அறிவிப்பதற்காகவே பல பேடுகளில் ஒரு சிறு தகடு வைக்கிறார்கள். அது டிஸ்க்கில் உரசித்தான் "கீச்" என்று கத்துகிறது.

சிறிய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்குத்தான் டிஸ்க். பின்னால் டிரம் இருக்கும். பேடு ஒரு சக்கரத்துக்கு 2 வீதம், 4 கொண்ட செட்டாக வரும். நான்கையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால், பிரேக் போடும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

150 ரூபாய் எங்கே?

கார் உதிரிப் பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 சதவீதம் ஆயிற்று.

ஒரு செட் பேடின் விலை, வரி நீங்கலாக, 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரிப்படி அது 1,920 ரூபாய். புதிய வரிப்படி 1,770 ரூபாய். மிச்சம் 150 ரூபாய்!

ஆனால் கூலிக்கு வரி குறையவில்லை. வரிப் பதிவு பெற்ற ஒர்க்‌ஷாப்பில் கூலிக்கு அன்றும் 18 சதவீதம்தான், இன்றும் 18 சதவீதம்தான். 500 ரூபாய் கூலி, வரியோடு 590 ஆகிறது.

அது போகட்டும். அந்த 150 ரூபாயாவது குடும்பத்தின் கைக்கு வருகிறதா?

"எல்லாம் சேர்த்து 2,500 ஆகும் சார்!" என்கிறார் மெக்கானிக். இந்த "எல்லாம் சேர்த்து" என்ற சொல்லுக்குள்தான் 150 ரூபாய் ஒளிந்துகொள்கிறது. பேடு எவ்வளவு, கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினால்தான் அது வெளியே வரும். "இது பழைய சரக்கு, பழைய வரிதான்" என்று சிலர் சொல்லலாம். விற்கும் நாளில் என்ன வரியோ, அதுதான் வரி.

தெருவோர மெக்கானிக்கையும் குறை சொல்வதற்கில்லை. ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறிய தொழிலாளி ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டியதில்லை. ஆனால், பதிவு இல்லாதவர் தம் பில்லில் வரி என்று தனியாக வசூலிக்கவும் கூடாது. பேடைக் கடையில் நேரில் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் அவரிடம் கொடுக்கிற குடும்பங்களும் உண்டு. நல்ல வழிதான்!

ஒரு மாதத்தின் விலை

150 ரூபாய்க்காக இவ்வளவு கணக்குப் பார்க்கும் குடும்பம், "கீச்" சத்தத்தைக் கேட்டும் கேளாமல் இருந்தால் என்ன ஆகும்?

பேடு முழுவதும் தேய்ந்து, அடியில் உள்ள இரும்புத் தகடு வெளியே வரும். இரும்பும் இரும்பும் உராயும். "கீச்" சத்தம் "கரகர" என்று மாறும். டிஸ்க்கில் பள்ளம் பள்ளமாகக் கோடு விழும். கார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது!

கோடு லேசாக இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம். அதற்கும் எல்லை உண்டு. எவ்வளவு கனத்துக்குக் கீழே போகக்கூடாது என்று பல டிஸ்க்குகளில் பொறித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் புதிய டிஸ்க்தான்.

ஒரு டிஸ்க் 2,000 ரூபாய் என்று கொண்டால், இரண்டுக்கும் வரியோடு 4,720 ரூபாய். பேடு செலவு வேறு! தேய்மானம் என்பதால் இன்சூரன்சிலும் இந்தப் பணம் கிடைக்காது.

மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால், பேடு சூடேறிப் பிடிப்பு குறையும். அதனால்தான் சிறிய கியரில் இறங்கச் சொல்கிறார்கள்.

பாதி விலைப் பேடு

"அதே கம்பெனிதான், பாதி விலை!" என்று ஒரு பெட்டியை நீட்டுவார்கள். பெட்டி அதேபோல இருக்கும். பேடு போலியாக இருக்கும். சூடு ஏறியதும் அது வழுக்கும், அல்லது உதிரும்.

நல்ல பேடுக்கு வெளிநாட்டைத் தேடவேண்டியதில்லை. சென்னைப் பாடியில் 1962-ம் ஆண்டிலேயே பிரேக் தயாரிக்கும் கம்பெனி தொடங்கிவிட்டது. போலிப் பெயர் ஒட்டி விற்பவருக்கு, 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பில் இல்லாமல் போலிச் சரக்கை வாங்கியவர் எதை வைத்து வழக்காடுவார்? பில் தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறைகேடு. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

இன்னொன்று. சத்தமே இல்லாத காருக்கும் "பேடு போச்சு சார்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றினால் பேடின் கனம் கண்ணுக்கே தெரியும். காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். 6 அல்லது 7 மில்லி மீட்டர் இருந்தால், சக்கரத்தைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.